‘மில்’ தமிழ்ச் சொல்லா? ஒலியொப்புமைச் சொற்பிறப்புக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

ஆங்கிலத்தில் அரைக்கும் பொறியைக் குறிக்கும் ‘மில்’ என்னும் சொல், பல்லால் அரைத்தலைக் குறிக்கும் ‘மெல்’ என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்தது என்பது தமிழ்க் கருத்தரங்குகளில் எளிதாகக் கைதட்டல் பெறும் கூற்றுகளுள் ஒன்று. கடைவாய்ப் பல்லைக் குறிக்கும் ‘மோலார்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதற்குத் துணைச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஒலியும் ஒத்துள்ளது, பொருளும் ஒத்துள்ளது, தமிழோ தொன்மையான மொழி, ஆகவே தமிழே மூலம் என்பது இவ்வாதத்தின் அமைப்பாகும். அவையோர் மகிழ்வர், மறுப்பவர் மொழிப்பற்று இல்லாதவர் ஆகிவிடுவார்.

இக்கட்டுரை இக்கூற்றை மறுக்கின்றது. ஒரு சொல்லின் பிறப்பு எங்கே என்பதைவிட, பிறப்பை அறியும் முறை எது என்பதே இங்கு முதன்மையான சிக்கல். ‘மில்’ தமிழன்று என்பதால் தமிழுக்கு எள்ளளவும் இழப்பில்லை. ஆனால் ‘மில்’லைத் தமிழாக்கும் முறையை நாம் ஏற்றுக்கொண்டால், தமிழின் தனித்தன்மையை நிறுவிய முறையை நாமே கைவிட்டவர்கள் ஆவோம். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘மில்’ வந்த வழி

ஒரு சொல்லை வேறு மொழிச் சொல்லுடன் ஒப்பிடுவதற்கு முன், அச்சொல்லின் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை அறிதல் வேண்டும். இன்றைய வடிவத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது, பேரனின் முகச்சாயலைக் கொண்டு பாட்டனின் ஊரைச் சொல்வது போன்றது.

‘மில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘மிலென்’ எனவும், இடைக்கால ஆங்கிலத்தில் ‘மில்னெ’ எனவும் வழங்கியது. இறுதியில் இருந்த னகர ஒலி பிற்காலத்தில் தேய்ந்து மறைந்தது. மில்ன், மில்னர் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் அவ்வொலி இன்றும் எஞ்சி நிற்கின்றது. ‘மெல்’லிலிருந்து ‘மில்’ வந்தது என்போர் இந்த னகரம் எங்கிருந்து வந்தது என்று கூறியதில்லை. அப்படி ஓர் ஒலி இருந்ததையே அவர்கள் பொருட்படுத்துவதில்லை.

அந்த னகரத்தின் வரலாறு தெளிவானது. பிற்கால இலத்தீனில் அரைபொறிக்கு ‘மொலினா’ என்று பெயர். அது ‘மொலா’ (அரைகல்), ‘மொலெரெ’ (அரைத்தல்) என்னும் இலத்தீன் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. இலத்தீன் ‘மொலினா’வே பிரெஞ்சில் ‘மூலேன்’ ஆகவும், செருமானியத்தில் ‘மூலெ’ ஆகவும், டச்சில் ‘மோலென்’ ஆகவும், ஆங்கிலத்தில் ‘மிலென்’ ஆகவும் பரவியது. பொருளோடு சொல்லும் பயணம் செய்தது என்பதே இதன் விளக்கம். நீர்ச்சக்கரத்தால் இயங்கும் அரைபொறியைக் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியசு தம் கட்டடக்கலை நூலில் விளக்கியுள்ளார். தென் பிரான்சில் ஆர்ல் நகருக்கு அருகில் பார்பெகால் என்னுமிடத்தில் பதினாறு நீர்ச்சக்கரங்களைக் கொண்ட உரோமானிய அரைவை நிலையத்தின் இடிபாடுகள் உள்ளன. உரோமரின் பொறி வடக்கே சென்றபோது அவர்களது சொல்லும் உடன் சென்றது.

இங்கு மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். மாவைக் குறிக்கும் ‘மீல்’ என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து பெற்ற கடன் அன்று. அது செருமானிய மொழிக் குடும்பத்தின் மரபுச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘மெலு’ என வழங்கியது. செருமானியத்தில் ‘மேல்’ (மாவு), ‘மாலென்’ (அரைத்தல்) என்பன அதன் இனச்சொற்கள். லித்துவேனிய மொழியில் ‘மால்தி’, உருசியத்தில் ‘மொலோத்’, வேல்சு மொழியில் ‘மாலு’, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்த இட்டைட்டுப் பலகைகளில் ‘மல்ல’ என இவ்வேர் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பல கிளைகளிலும் அரைத்தற் பொருளில் காணப்படுகின்றது. எனவே ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு இரு வழிகளில் சொற்கள் வந்துள்ளன: ‘மீல்’ மரபுவழி வந்தது; ‘மில்’ இலத்தீன்வழி வந்தது. தமிழே மூலம் என்போர் இவ்விரு வழிகளையும் விளக்கியாக வேண்டும். ஒரு சொல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அதன் உற்றார் உறவினரைக் காணாதது போல் இருப்பது ஆய்வாகாது.

‘மோலார்’ என்பதும் இவ்வாறே. இலத்தீனில் அரைகல்லின் பெயரால் கடைவாய்ப் பல்லை அழைத்தனர். கிரேக்கரும் அவ்வாறே செய்தனர். அதாவது, கல்லின் பெயர் பல்லுக்குச் சென்றது. பல்லின் தொழில் கல்லுக்குச் செல்லவில்லை. ‘மெல்’ வாதத்துக்கு வேண்டியதோ இதன் நேர்மாறான திசை.

பொருள் விரிந்த வரலாறு

இச்சொல்லின் பொருள் விரிவும் அறியத்தக்கது. உரோமரின் வேள்வியில் பலிவிலங்கின்மேல் உப்பிட்ட மாவைத் தூவினர். ‘மொலா’ என்பது அம்மாவையும் குறித்தது. அதிலிருந்தே பலியிடுதலைக் குறிக்கும் ‘இம்மொலேட்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. ஊதியத்தைக் குறிக்கும் ‘இமால்யுமென்ட்’ என்னும் சொல்லும் பெரும்பாலும் இவ்வேரைச் சார்ந்ததே. அரைத்துக் கொடுப்பவர் பெற்ற கூலி என்பது அதன் முதற்பொருளாகக் கருதப்படுகின்றது.

இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட ‘தூம்சுடே’ நிலப்பதிவேட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மில்கள் பதிவாகியுள்ளன. பின்னர், நீர்ச்சக்கரத்தின் விசை மாவரைக்க மட்டுமன்றிக் கம்பளித் துணியை இடித்துத் திண்மையாக்கவும் மரம் அறுக்கவும் பயன்பட்டது. அரைத்தல் நிகழாத இடங்களும் மில் எனப் பெயர் பெற்றன. 1771இல் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் நீர்விசையால் இயங்கும் நூற்பு நிலையத்தை நிறுவியபோது பருத்தியும் ‘மில்’லுக்குள் வந்தது. சக்கரம் போய் நீராவி வந்த பின்னரும் பெயர் நிலைத்தது. தமிழகத்துக்கு இச்சொல் வந்தது இந்தக் கடைசிப் பொருளோடுதான். சென்னையின் பின்னி ஆலைகளையும் கோவையின் நூற்பாலைகளையும் மக்கள் ‘மில்’ என்றே அழைத்தனர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய சூழலும் இந்த ‘மில்’ சூழலே. ஆக, தமிழில் ‘மில்’ என்பது அண்மைக்காலக் கடன்சொல். பெற்ற கடனைக் கொடுத்த கடனாகக் கணக்கெழுதுவது ஆய்வுலகில் நேர்மையாகாது.

ஆங்கிலத்திலேயே வேறொரு ‘மில்’ உண்டு. ஒரு டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் அச்சொல், ஆயிரம் எனப் பொருள்படும் இலத்தீன் எண்ணுப்பெயரின் வழிவந்தது. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாயினும் அரைபொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே மொழிக்குள் முற்றிலும் ஒத்த இரு வடிவங்களே உறவற்றவையாக இருக்கும்போது, ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இரு மொழிகளின் இரு சொற்கள் சற்றே ஒத்திருப்பது எதனை நிறுவும்?

தமிழில் ‘மெல்’

இனித் தமிழுக்குள் வருவோம். ‘மெல்’ என்னும் வினை தமிழில் வாயால் செய்யும் தொழிலையே குறிக்கும். கன்னட ‘மெல்லு’ அதன் இனச்சொல். அங்கும் பொருள் அதுவே. மெல்லுதலும் மென்மையும் ஒன்றெனக் கொண்டு, மென்மையாக்குவதால் ‘மில்’ எனப் பொருள் விரிப்போர் உளர். அவர்கள் ஓர் எளிய வினாவுக்கு விடை கூற வேண்டும்: தமிழில் ‘மெல்’லிலிருந்து பிறந்த அரைகருவிப் பெயர் ஒன்றேனும் உண்டா?

தமிழில் அரைகருவிகளும் அவற்றைச் சார்ந்த வினைகளும் மிகத் தெளிவாகப் பகுக்கப்பட்டுள்ளன. அம்மியில் அரைப்பர், குழவியால் இழைப்பர், உரலில் உலக்கையால் குற்றுவர், இடிப்பர், ஆட்டுக்கல்லில் ஆட்டுவர், திரிகையில் திரிப்பர், செக்கில் ஆட்டுவர், மருத்துவர் கல்வத்தில் மருந்தைப் பொடிப்பர், சாணையில் தீட்டுவர். அரை, இழை, இடி, குற்று, ஆட்டு, திரி, தீட்டு, பொடி, நுணுக்கு என இத்தனை வினைகள் இருந்தும் அரைகருவி எதற்கும் தமிழர் ‘மெல்’லைப் பயன்படுத்தவில்லை. தமிழரே தம் கருவிக்கு இடாத பெயரை உரோமர் தமிழரிடமிருந்து பெற்றனர் என்பது எவ்வகைத் தருக்கம்?

ஒலியொப்புமையும் ஒலியியைபும்

ஒலியொப்புமை வேறு, ஒழுங்கான ஒலியியைபு வேறு. முன்னது காதுக்கு இனிமையானது. பின்னது கருத்துக்குச் சான்றானது. ஆத்திரேலியாவின் ம்பபரம் என்னும் பழங்குடி மொழியில் நாயைக் குறிக்கும் சொல் ‘டாக்’ என்பது. ஆங்கிலச் சொல்லும் அதுவே. ஆயினும் அது கடனும் அன்று, உறவும் அன்று. ‘குடக’ என்னும் பழைய ஆத்திரேலிய வடிவம் அம்மொழிக்குரிய ஒலிமாற்றங்களால் அவ்வாறு ஆயிற்று. இதனை மொழியியலார் திக்சன் எடுத்துக்காட்டியுள்ளார். முழு ஒலியொப்புமையும் முழுப் பொருளொப்புமையும் இருந்தும் உறவு இல்லை.

மாறாக, உறவுடைய சொற்கள் காதுக்கு ஒவ்வாதனவாக இருக்கலாம். நம் அரைகருவிகளிலிருந்தே சான்று காட்டலாம். தமிழ் ‘உரல்’ தெலுங்கில் ‘ரோலு’ ஆகும். கேட்போருக்கு இவை அயற்சொற்களாகத் தோன்றும். ஆனால் தமிழ் ‘அவர்’ தெலுங்கில் ‘வாரு’ ஆவதையும், தமிழ் ‘உள்’ தெலுங்கில் ‘லோ’ ஆவதையும் சேர்த்துப் பார்த்தால், சொல்லின் முதல் உயிர் அடுத்த மெய்யைத் தாண்டி இடம்பெயர்ந்து நீள்கின்றது என்னும் ஒழுங்கு புலப்படும். இந்த ஒழுங்கே உறவின் சான்று.

ஐரோப்பிய மொழிகளிலும் இதே நிலையைக் காணலாம். கையால் சுற்றும் அரைகல்லுக்கு ஆங்கிலத்தில் ‘குவெர்ன்’ என்னும் மரபுச் சொல் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘க்வெயோர்ன்’. இதற்கு வேல்சு மொழியில் ‘ப்ரெயுஅன்’, லித்துவேனிய மொழியில் ‘கிர்னா’, உருசியத்தில் ‘ஜோர்னவ்’, வடமொழியில் சோமம் பிழியும் கல்லைக் குறிக்கும் ‘கிராவன்’ ஆகியன இனச்சொற்கள். ‘குவெர்ன்’ எங்கே, ‘ப்ரெயுஅன்’ எங்கே என்று தோன்றலாம். ஆனால் உயிருள்ளது என்னும் பொருளில் பழைய ஆங்கிலத்தில் ‘க்விக்’, வேல்சில் ‘பிவ்’, வடமொழியில் ‘ஜீவ’ என வருதலையும், பசுவுக்கு ஆங்கிலத்தில் ‘கவ்’, ஐரிசில் ‘போ’, வடமொழியில் ‘கௌ’ என வருதலையும் நோக்கினால், ஆங்கிலத்தின் ககரத்துக்குக் கெல்டிய மொழிகளில் பகரம் நிற்கும் ஒழுங்கு விளங்கும். இந்த வேர் ‘கனமானது’ என்னும் பொருளுடைய வேரோடு தொடர்புடையது என்பர். வடமொழி ‘குரு’வும் அவ்வேரினதே.

‘மில்–மெல்’ கூற்றில் இத்தகைய ஒழுங்கு ஏதும் இல்லை. தமிழ் மகரமும் எகரமும் லகரமும் இலத்தீனில் எவ்வெவ்வாறு மாறும் என்பதற்கு வேறு பத்துச் சொற்களை அதே விதியில் காட்ட வேண்டும். காட்டியவர் இலர். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தும் விதி, விதியன்று.

மூன்று தடைகளுக்கு விடை

இவ்விடத்தில் மூன்று தடைகள் எழுப்பப்படுவதுண்டு.

முதலாவது, இந்தோ-ஐரோப்பியமும் திராவிடமும் மிகத் தொல் காலத்தில் ஒரே மூலத்தினவாக இருக்கலாமே என்பது. நாசுதிராதிக் கருதுகோள் என்னும் பெயரில் அத்தகைய முயற்சி நடந்துள்ளது. பெரும்பாலான வரலாற்று மொழியியலார் அதனை ஏற்பதில்லை. ஏற்றாலும்கூட, அது கூறுவது இரு குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு தாய்மொழியை. தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்றது என்பதை அன்று. உடன்பிறந்தாரை மக்களாக மாற்றிக் காட்ட அக்கருதுகோள் உதவாது.

இரண்டாவது, தேவநேயப் பாவாணரின் பெயர். தமிழே உலகின் முதற்செம்மொழி என்னும் கொள்கையை அவர் 1966இல் ஆங்கில நூலாகவே எழுதினார். அவருடைய சொல்வளமும் உழைப்பும் மறுக்க முடியாதவை. ஊர்ப்புறச் சொற்களின் நுண்பொருள் வேறுபாடுகளைப் பதிவு செய்ததில் அவருக்கு இணையானோர் சிலரே. ஆனால் ஒருவரைப் போற்றுதல் என்பது அவர் கொண்ட ஒவ்வொரு முடிவையும் ஆய்வின்றி ஏற்பதன்று. அவர் பெயரைச் சொல்லும் பலர் அவரது உழைப்பை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டனர். அவரோ சொற்களைத் திரட்டினார். இவர்கள் இரண்டு அகராதிகளை அருகருகே வைத்துக்கொண்டு ஒத்த ஒலிகளைப் பொறுக்குகின்றனர்.

மூன்றாவது, ஒப்பியல் மொழியியல் ஐரோப்பியரின் கருவி, அது நமக்கெதிரானது என்பது. இத்தடைக்கே விரிவான விடை வேண்டும். தமிழ் முதலிய தென்னக மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை என்னும் கருத்தே அறிஞருலகில் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், 1816இல் எல்லிசு அவற்றைத் தனிக் குடும்பமாக எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவான ஒப்பிலக்கணமாக நிறுவினார். 1961இல் பரோவும் எமெனோவும் திராவிடச் சொற்பிறப்பகராதியை வெளியிட்டனர். 1984இல் அதன் திருத்திய பதிப்பு வந்தது. 2003இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி திராவிட மொழிகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். தமிழ் வடமொழியின் கிளையன்று என்று இன்று உலகின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நாம் தயக்கமின்றிக் கூற முடிவது இம்முறையின் வலிமையால்தான்.

அந்த வலிமையின் உட்கூறு யாது? தமிழில் வடசொற்கள் பல இருந்தும், அடிப்படைச் சொற்களிலும் இலக்கண அமைப்பிலும் ஒழுங்கான ஒலியியைபு தென்னக மொழிகளுக்கிடையேதான் உள்ளது. வடமொழியோடு இல்லை என்பதே. ஒலியொப்புமையே போதும் என நாம் வாதிட்டால், எதிர்த்தரப்பினர் நம்மைவிட நீண்ட பட்டியலைக் கொண்டுவருவர். தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஓசை ஒத்த வடசொல்லைக் காட்டி, எல்லாம் அங்கிருந்தே வந்தன என்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ‘மில்’லுக்காக நாம் பயன்படுத்தும் அளவுகோலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னர் எதனைக் கொண்டு தடுப்போம்? நமக்கு ஒரு படி, பிறர்க்கு ஒரு படி என்று அளக்கும் கடையில் எவரும் பொருள் வாங்கார்.

இச்சிக்கல் தமிழகத்துக்கு வெளியேயுள்ள தமிழ்த் துறைகளுக்கு மேலும் நேரடியானது. அங்கே தமிழ் மாணவர் மொழியியல், வடமொழி, வரலாறு ஆகிய துறைகளின் மாணவரோடு ஒரே கூரையின் கீழ்ப் பயில்கின்றனர். அவர்களது ஆய்வேட்டை வேறு துறையினர் படிக்கின்றனர். ‘மில்’ தமிழே என ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால், அந்த ஏட்டின் மற்ற இருநூறு பக்கங்களின் நல்லுழைப்பும் ஐயத்துக்குள்ளாகும். 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு நமக்குக் கொடுத்தது பெருமையை மட்டுமன்று; தரமான ஆய்வுக்கான கடப்பாட்டையும்தான்.

பிறப்பைத் தேடிப் பொருளை இழத்தல்

ஒலியொப்புமை ஆய்வு செய்யும் தீங்கு இத்துடன் முடிவதில்லை. சொல்லின் பிறப்பைப் பற்றிய ஆரவாரத்தில் சொல்லின் பொருள் கவனிப்பாரற்றுப் போகின்றது. ‘மில்’, ‘குவெர்ன்’ ஆகியவற்றைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்னும் வினா இதற்குத் தக்க சான்று.

ஆங்கிலத்தில் ‘குவெர்ன்’ என்பது இருவகைக் கருவிகளுக்கும் பொதுப்பெயர். ஒன்று, கிடையான கல்லின்மேல் மற்றொரு கல்லை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பது. தேய்ந்து நடுவில் பள்ளமாவதால் அதனைச் ‘சேடில்’, அதாவது சேணம், என்னும் அடைகொடுத்து அழைக்கின்றனர். மற்றொன்று, நிலையான கீழ்க்கல்லின்மேல் மேற்கல்லைச் சுழற்றுவது. அதற்குச் சுழற்சியைக் குறிக்கும் அடை கொடுக்கின்றனர். ஆங்கிலத்துக்கு அடைமொழி தேவைப்படும் இடத்தில் தமிழுக்குத் தனிச்சொற்கள் உள்ளன: முன்னது அம்மி வகை, பின்னது திரிகை. திரிகை என்பதன் பகுதியே சுழற்சியைச் சொல்லும். இதனை அறியாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சேணத் திரிகை’ என்றுதான் வரும். திரியாத கல்லுக்குத் திரிகை என்று பெயர்! மற்றதற்குச் ‘சுழல் திரிகை’ என எழுதினால் கூறியது கூறலாகும்.

இது வெறும் சொல்லாட்சிக் குற்றமன்று, வரலாற்றையே பிழையாக்குவது. மொகஞ்சதாரோவில் 1927 முதல் 1931 வரை அகழ்ந்த மக்கே அங்கு மிகுதியாகக் கிடைத்தவை தேய்ப்பு வகை அரைகற்களே எனப் பதிவு செய்துள்ளார். சுழலும் அரைகல்லுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் ஐபீரியத் தீவக்குறையைச் சார்ந்தவை. இந்தியத் துணைக்கண்டத்தில் தட்சசீலத்தின் சிர்காப் பகுதியில் அவ்வகைக் கற்கள் கிடைத்துள்ளன. ஆகவே சிந்துவெளி அகழாய்வு பற்றித் தமிழில் எழுதும் ஒருவர் அங்கே ‘திரிகை’ கிடைத்தது என எழுதினால், ஒரு சொல்லால் ஒரு தொழில்நுட்பத்தை ஆயிரம் ஆண்டுக்குமேல் முன்னே தள்ளிவிடுகின்றார். அம்மிக்கும் திரிகைக்கும் உள்ள வேறுபாடு சமையலறைச் செய்தியன்று. தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு மைல்கல்.

‘மில்’லுக்கும் ‘குவெர்’னுக்கும் இடையேயுள்ள வேறுபாடும் இத்தகையதே. இடைக்கால இங்கிலாந்தில் மில் நிலவுடைமையாளரின் சொத்து. குவெர்ன் குடியானவர் வீட்டுக் கல். குடிகள் தம் தானியத்தை ஆண்டையின் மில்லிலேயே அரைத்துக் கூலி கொடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் பல இடங்களில் இருந்தது. செயின்ட் ஆல்பன்சு மடத்தின் தலைவர் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மக்களின் கைக்கற்களைப் பறிமுதல் செய்து மடத்துக் கூடத்தின் தரையில் பதித்தார். 1381ஆம் ஆண்டுக் குடியானவர் கிளர்ச்சியின்போது மக்கள் அத்தரையைப் பெயர்த்துத் தம் கற்களை எடுத்துச் சென்றனர். இவ்விரு சொற்களையும் ‘அரவை இயந்திரம்’ என ஒரே தொடரால் பெயர்த்துவிட்டால் இவ்வரலாறு தமிழில் விளங்குமா?

நம் இலக்கியங்கள் இவ்வகையில் நம்மைவிடக் கவனமாக இருந்தன. பெரும்பாணாற்றுப்படை திரிமரத்தைக் குறிப்பிடுகின்றது. அதனை உரைகாரர் திரிகை என்பர். அதே பாட்டு கரும்பு பிழியும் எந்திரத்தையும் ஆலையையும் தனித்தனியே கூறுகின்றது. குறுந்தொகையின் 89ஆம் பாடல் உரலையும் வள்ளைப் பாட்டையும் இணைத்துக் காட்டுகின்றது. எந்திரம் என்பது வடசொல்லின் வழிவந்தது. அதனை ஆண்டதால் பாட்டின் பெருமை குறையவில்லை. தொல்காப்பியரும் செய்யுட் சொற்களுள் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வகுத்தார். கடன் பெறுதலையும் கடன் கொடுத்தலையும் இழிவாகவோ உயர்வாகவோ கருதாத தெளிவு அவர்களுக்கு இருந்தது. கரும்பாலையைக் குறித்த ‘ஆலை’ இன்று பஞ்சாலை, நூற்பாலை, சர்க்கரை ஆலை என விரிந்துள்ளது. ஆங்கில ‘மில்’லின் தாக்கத்தால் இவ்விரிவு நேர்ந்தது எனலாம், ஆயினும் விரித்துக்கொள்ளத் தக்க பழஞ்சொல் நம்மிடம் இருந்தது என்பதே உண்மையான பெருமை.

உண்மைக் கொடை: குருந்தம்

அரைத்தலைச் சார்ந்த ஆங்கிலச் சொற்களில் தமிழின் பங்கு ஏதும் இல்லையா எனின், உண்டு. ‘கொரண்டம்’ என்பது வைரத்துக்கு அடுத்த நிலையில் கடினமான இயற்கைக் கனிமத்தின் பெயர். மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. ஆங்கில அகராதிகள் இச்சொல்லைத் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதன் வழிவந்ததாகவே காட்டுகின்றன. ‘குருவிந்தம்’ என்னும் வடமொழி வடிவமும் உடன் காட்டப்படும். அவ்விரண்டில் எது முந்தையது என்பது தனியே ஆயத்தக்கது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கல்லும் சொல்லும் ஒருங்கே ஐரோப்பாவுக்குச் சென்றன என்பதில் ஐயமில்லை.

சேலம் பகுதியில் கிடைத்த குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கோடு கலந்து நம் கைவினைஞர் சாணைச் சக்கரம் செய்தனர். 1890களில் அமெரிக்கரான அச்செசன் தாம் செயற்கையாக உருவாக்கிய தேய்பொருளுக்குக் கரியையும் கொரண்டத்தையும் இணைத்துக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். அப்பெயருடைய சாணைக்கல் பின்னர்த் தமிழகத்துப் பட்டறைகளுக்கே திரும்பி வந்தது. இது சான்றுள்ள வரலாறு. பொருள் சென்ற வழி தெரிகின்றது, காலம் தெரிகின்றது, இடைநின்ற வணிகர், அறிஞர் ஆகியோரின் பதிவுகள் உள்ளன. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் ஆகியன ஆங்கிலத்துக்குச் சென்ற கதையும் இத்தகையதே.

‘மில்’லுக்காகத் தொண்டை கிழியப் பேசுவோர் குருந்தத்தைப் பற்றிப் பேசக் கேட்பது அரிது. காரணம் எளிது. குருந்தத்தின் வரலாற்றை எழுத வணிகப் பதிவுகளையும் நிலவியல் அறிக்கைகளையும் பட்டறைத் தொழிலாளரின் சொற்களையும் தேட வேண்டும். ‘மில்–மெல்’ எழுத ஒரு நாற்காலியே போதும்.

நிறைவாக

மின் அரைப்பான்கள் வந்த பின் ஆட்டுக்கல்லும் திரிகையும் வீட்டுக் கொல்லைக்குச் சென்றுவிட்டன. கருவியோடு சொற்களும் செல்கின்றன. திரிகையின் முளைக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர் என்ன? அம்மி கொத்துவோர் தம் உளிகளை எவ்வாறு வேறுபடுத்தி அழைக்கின்றனர்? உலக்கைப் பூணின் வகைகள் யாவை? திரிகையை ‘எந்திரம்’, ‘ஏந்திரம்’ என வழங்கும் பகுதிகளின் எல்லை எது? இவ்வினாக்களுக்கு விடை தரக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தெலுங்கில் 1962இலேயே வேளாண் தொழிற்சொற்களை வட்டாரவாரியாகத் தொகுத்துக் கிருஷ்ணமூர்த்தி ஓர் அகராதியை வெளியிட்டார். தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தனிமனிதர் முயற்சியால் எத்துணை செய்ய இயலும் எனக் காட்டியுள்ளன.

ஆகவே தமிழ்த் துறைகளின் முன் வைக்கும் வேண்டுகோள் இவை. ஆய்வேடுகளில் அயன்மொழிச் சொல்லுக்குத் தமிழ் மூலம் கூறுவோர், அச்சொல்லின் மிகப் பழைய வடிவத்தையும் இடைநிலை வடிவங்களையும், அதே ஒலியியைபைக் காட்டும் வேறு சொற்களையும் தர வேண்டும். தராத இடத்து நெறியாளர் அப்பகுதியை நீக்கச் சொல்ல வேண்டும். தொல்லியல் மொழிபெயர்ப்பில் அம்மி வகையும் திரிகை வகையும் வேறுபடுத்தி ஆளப்பட வேண்டும். ஒவ்வொரு துறையும் ஒரு மாணவரையேனும் அரைகருவிச் சொற்களைக் களத்தில் சென்று தொகுக்க அனுப்ப வேண்டும். அம்மாணவர் கொண்டுவரும் ஐம்பது சொற்கள், மேடையில் தமிழாக்கப்படும் ஐந்நூறு ஆங்கிலச் சொற்களைவிடத் தமிழுக்குப் பயன் தரும்.